ஹோலில் சப்வூபரை எங்கே வைப்பது, எப்படி இணைப்பது?

கோண்டாவில்_பெடியன்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு ஹோலில் 5.1 செற் ஒன்று பூட்டியிருக்கிறேன். யமஹா ரிசீவர், முன்னுக்கு இரண்டு பெட்டி, நடுவில் ஒன்று, பின்னுக்கு இரண்டு, அதோடு 10 அங்குல சப்வூபர் (பேஸ் எனும் அடிச் சுரங்களுக்கான தனிப் பெட்டி). சப் குழாய்த் துளை உள்ள வகை, அம்ப் அதற்குள்ளேயே இருக்கிறது. ஹோல் 14 அடி நீளம், 12 அடி அகலம். ஓட்டுக் கூரைதான், ஆனால் 10 அடி உயரத்தில் சீலிங் அடித்திருக்கிறது. ரிவி 12 அடிச் சுவரில் இருக்கிறது. அந்தச் சுவரின் வலது மூலையில் இடம் இருந்ததால் சப்பை அங்கே வைத்தேன். செற்றி அறையின் நடுவில்.

செற்றியில் இருந்து கேட்டால் பேஸ் இல்லை என்றே சொல்லலாம். எழும்பிக் குசினி வாசலுக்குப் போனால் நெஞ்சில் இடிக்கிறது. அந்த வாசல் ஹோலின் பின்மூலையில். நான் செற்றியில் இருந்துகொண்டு சத்தத்தைக் கூட்ட, குசினிக்குள் நிற்கிற அம்மா கஷ்டப்படுகிறார்.

சப்பின் பின்பக்கத்தில் எல்.எஃப்.இ. என்று ஒரு சொக்கெற், இடது வலது என்று இரண்டு, ஸ்பீக்கர் வயர் பூட்டும் கிளிப்புகள், 0/180 சுவிச், 40 இலிருந்து 160 வரை ஒரு குமிழ், சத்தத்துக்கு ஒரு குமிழ். ரிசீவரிலிருந்து வரும் கேபிளை இரண்டாகப் பிரித்து இடது வலது இரண்டிலும் கொடுத்திருக்கிறேன். இது சரியா? அல்லது 12 அங்குலம் ஒன்று வாங்கத்தான் வேண்டுமா?

வல்வை_அலை

அந்த அளவு ஹோலுக்கு 10 அங்குலம் காணாது தம்பி. 12க்குப் போங்கள், முடிந்தால் 15.

இணுவில்_செவி

தம்பி, காசை வைத்துக்கொள்ளுங்கள். குசினி வாசலில் நெஞ்சில் இடிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பெட்டியில் பேஸ் தாராளமாக இருக்கிறது, செற்றிக்குத்தான் அது வந்து சேரவில்லை. 15 அங்குலம் வாங்கினாலும் இதே இடத்தில் வைத்தால் குசினிதான் இன்னும் மோசமாகும்.

40 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எங்கள் ஊர் வெக்கையில் 8.7 மீற்றர், அதாவது 28 அடிக்கு மேல். உங்கள் அறை அதில் பாதி. சுவருக்கும் சுவருக்கும் இடையில் சரியாகப் பாதி அலை அடங்கும்போது ஒலி அங்கேயே நின்று ஆடும். சுவரோரத்தில் அழுத்தம் உச்சம், நடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இதைக் கணக்கிடுவது எளிது: ஒலியின் வேகம் 30 பாகை வெப்பத்தில் விநாடிக்கு 349 மீற்றர். அதை அறை நீளத்தின் இரு மடங்கால் பிரியுங்கள். 14 அடி என்பது 4.27 மீற்றர், ஆகவே 41 ஹேர்ட்ஸ். 12 அடிக்கு 48 ஹேர்ட்ஸ். உயரம் 10 அடிக்கு 57 வரும், ஆனால் உங்களுடையது மெல்லிய சீலிங் பலகை, பேஸில் ஒரு பங்கு அதைத் தாண்டி ஓட்டுக்குப் போய்விடும். அதனால் உயரத்தின் பிரச்சினை சுவர்களின் பிரச்சினையைப் போல் கடுமையாக இருக்காது.

இப்போது உங்கள் படத்தைப் பாருங்கள். சப் மூலையில். மூலையில் வைத்தால் எல்லா அதிர்வுகளையும் முழுப் பலத்தோடு கிளப்பும். செற்றி நீளத்துக்கும் நடு, அகலத்துக்கும் நடு. 41, 48 இரண்டும் படுத்துவிடும் ஒரே இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். குசினி வாசல் பின்மூலை, இரண்டும் உச்சத்தில் நிற்கும் இடத்தில் அம்மா நிற்கிறார்.

முதலில் செற்றியைப் பின்னுக்குத் தள்ளுங்கள். பின்சுவரிலிருந்து தலை நாலரை அடியில் இருந்தால் நல்லது, அது நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. சுவரோடு ஒட்ட வேண்டாம், அங்கே பேஸ் வீங்கிவிடும். அகலத்தில் நீங்கள் நடுவில்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடது வலது பெட்டிகளின் சமநிலை போய்விடும். ஆகவே 48 ஹேர்ட்ஸ் அதிர்வு உங்களுக்கு உதவப் போவதில்லை. ஆனால் சப்பை மூலையிலிருந்து முன்சுவரின் நடுப்பக்கம் நகர்த்த நகர்த்த அந்த அதிர்வு கிளம்புவதே குறையும். குசினி அடங்கும். அதன் பிறகு நீங்கள் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் அம்மாவுக்குத் தொல்லை இராது.

கோண்டாவில்_பெடியன்

நன்றி அண்ணை. செற்றியைத் தள்ளலாம், பின்னுக்கு இடம் இருக்கிறது. ஆனால் முன்சுவரின் நடுவில் ரிவி ஸ்ராண்ட், ஐந்தடி அகலம். அதன் வலப்பக்கத்தில் வைத்தால் மூலையிலிருந்து 3 அடி வரும். அல்லது வலது பக்கச் சுவரோடு எங்காவது. எந்த இடம் என்று எப்படி முடிவெடுப்பது?

இணுவில்_செவி

காதால்தான். இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது, இன்றுவரை அதைவிட மலிவான நல்ல வழி நான் அறியவில்லை.

செற்றியைப் புதிய இடத்துக்குத் தள்ளிவிட்டு, நீங்கள் இருக்கும் அதே இருக்கையில் சப்பைத் தூக்கி வையுங்கள். இரண்டு பேர் சேர்ந்து தூக்குங்கள். கேபிள் எட்டாவிட்டால் ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். பேஸ் கிற்றார் படிப்படியாக ஏறி இறங்கும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். குண்டு வெடிக்கிற படக்காட்சி வேண்டாம், அதில் எல்லா இடமும் நன்றாகவே கேட்கும். பிறகு சப்பை வைக்கக்கூடிய ஒவ்வொரு இடத்திலும் நிலத்தோடு குனிந்து, சப்பின் கூம்பு வரும் உயரத்தில் காதை வைத்துக் கேளுங்கள். ஓரிடத்தில் ஒரு சுரம் மட்டும் கொழுத்துக் கேட்கும், இன்னோரிடத்தில் சில சுரங்கள் காணாமல் போகும். எல்லாச் சுரமும் ஒரே பலத்தில் வரும் இடத்தைத் தேடுங்கள். சத்தம் கூடிய இடத்தைத் தேட வேண்டாம். பெரும்பாலானோர் அங்கேதான் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் சத்தம் கூடிய இடம் முதலில் கவரும்.

ஒலி தரும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றினால் அறை அதே பதிலைத்தான் தரும். அதனால் இது வெறும் கைமருந்து இல்லை. நீங்கள் குனிந்திருந்த இடத்தில் கேட்டது, சப் அங்கே போனதும் இருக்கையில் அப்படியே கேட்கும்.

மானிப்பாய்_வயரிங்

இணைப்புப் பற்றி நான் சொல்கிறேன், வீடுகளுக்கு வயரிங் செய்பவன்.

ரிசீவரில் சப் அவுட், அதாவது சப்புக்கென்று தனி வெளியீடு, இருந்தால் ஒரே ஒரு ஆர்.சி.ஏ. கேபிள் (நடுவில் ஊசியும் சுற்றி வளையமும் உள்ள ஒலிக் கேபிள்) போதும், அதைச் சப்பின் எல்.எஃப்.இ. சொக்கெற்றில் பூட்டுங்கள். எல்.எஃப்.இ. என்பது அடிப் பேஸுக்கென்று உள்ள தனித் தடம். அந்தச் சொக்கெற் சப்புக்குள் இருக்கும் வடிகட்டியைத் தாண்டி நேரே அம்புக்குப் போகும், 40–160 குமிழுக்கு அங்கே வேலை இல்லை. இடது வலது சொக்கெற்றில் பூட்டினால் ரிசீவர் ஒருமுறை வடிகட்டியதைச் சப் இன்னொருமுறை வடிகட்டும். பேஸின் மேற்பகுதி மெலிந்துவிடும். எல்.எஃப்.இ. சொக்கெற் இல்லாத சப் என்றால் அந்தக் குமிழை 160க்கு, அதாவது கடைசி மட்டும், திருப்பி விடுங்கள்.

கேபிளைப் பிரித்து இரண்டு பக்கமும் கொடுப்பதால் ஒலியின் தரம் கூடாது. உள்ளே இரண்டையும் கூட்டுகிற சப் என்றால் மட்டம் ஏறத்தாழ 6 டெசிபெல் உயரும், அவ்வளவுதான். அந்த வேலையைச் சத்தக் குமிழே செய்யும்.

சப் வேறு சுவருக்குப் போனால் கேபிள் நீளும், அதற்குப் பயப்பட வேண்டாம். நல்ல கவசம் உள்ள கேபிள் 7, 8 மீற்றர் போனாலும் பேஸுக்கு ஒன்றும் ஆகாது. கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாமல் தள்ளி இழுங்கள். கடக்க வேண்டி வந்தால் குறுக்காகக் கடவுங்கள்.

பிளக்கைப் பொறுத்தவரை, ரிசீவரும் சப்பும் ஒரே பிளக் பொயின்ற்றிலிருந்து எடுப்பதே நல்லது. எங்கள் பழைய வீடுகளில் ஒரு அறையில் உருண்டைக் கால் 5 அம்பியர், இன்னொரு அறையில் சதுரக் கால் 13 அம்பியர் என்று காலத்துக்குக் காலம் சேர்த்திருப்பார்கள், எர்த் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் போயிருக்காது. இரண்டு கருவியும் வெவ்வேறு எர்த் வழியில் இருந்தால் கேபிளின் கவசத்தால் கரண்ட் ஓடி 50 ஹேர்ட்ஸில் இரையும்.

தீவகக்_காற்று

எனக்கு அந்த இரைச்சல்தான் அண்ணை. படம் நிறுத்தியிருந்தாலும் ‘ம்ம்ம்’ என்று ஒரே சத்தம். கடையில் ஒருவர் சப்பின் பிளக்கில் எர்த் வயரைக் கழற்றிவிடச் சொன்னார். செய்யலாமா?

மானிப்பாய்_வயரிங்

செய்ய வேண்டாம். தயவுசெய்து செய்ய வேண்டாம். எர்த் கால் உள்ள கருவியில் எர்த்தைக் கழற்றினால், உள்ளே ஒரு வயர் பெட்டியில் முட்டிய அன்று பின்பக்கத்து இரும்புத் தகட்டில் 230 வோல்ற் நிற்கும். எர்த் இருந்தால் கசிவு அதனூடாகப் போகும்போதே டிரிப் சுவிச் விழுந்துவிடும். எர்த் இல்லையென்றால் ஒருவர் தொடும் மட்டும் அது விழ வழியில்லை. பிள்ளைகள் ஓடித்திரியும் ஹோலில் இதைச் செய்யச் சொல்பவரிடம் ஆலோசனை கேட்கக் கூடாது.

காரணத்தை இப்படிக் கண்டுபிடியுங்கள். சத்தத்தைக் குறைத்து, சப்பில் இருந்து ஆர்.சி.ஏ. கேபிளைக் கழற்றுங்கள். அப்போதும் இரைந்தால் கோளாறு சப்புக்குள். இரைச்சல் நின்றால் வெளியே. கேபிளைத் திரும்பப் பூட்டிவிட்டு டிஷ் அல்லது கேபிள் ரிவியிலிருந்து வரும் அன்ரனா வயரைக் கழற்றுங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும், ஏனென்றால் அந்த வயர் கூரையிலிருந்தோ தெருக் கம்பத்திலிருந்தோ வேறொரு எர்த்தைக் கொண்டு வருகிறது. அதற்கென்று, எர்த் தொடர்பை வெட்டிச் சமிக்ஞையை மட்டும் விட, அன்ரனா வயரில் பூட்டும் தனிப்படுத்தி இருக்கிறது. அதுவும் இல்லையென்றால் ஆர்.சி.ஏ. கேபிளின் நடுவே பூட்டும் சிறிய ட்ரான்ஸ்போர்மர். மிக மலிவானவை அடிப் பேஸையும் சேர்த்துக் குறைத்துவிடும், பார்த்து வாங்குங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கும்போது சுவிச்சை மட்டும் நிறுத்திவிட்டு இருக்காதீர்கள். பிளக்கையும் அன்ரனா வயரையும் இழுத்து வெளியே போடுங்கள். அன்ரனா வயரால் வந்த மின்னல், ஆர்.சி.ஏ. கேபிள் வழியே சப் வரை போய்விடும்.

கோண்டாவில்_பெடியன்

செற்றியைப் பின்னுக்குத் தள்ளி, இணுவில் அண்ணை சொன்னபடி சப்பைச் செற்றியில் ஏற்றிக் கேட்டுப் பார்த்தேன். பழைய மூலையில் ஒரே ஒரு சுரம் ஊதிப்போய் மற்றவை பின்னுக்கு நின்றன. ரிவி ஸ்ராண்டின் வலப்பக்கம், மூலையிலிருந்து 3 அடியில், எல்லாம் ஒரே சீராக வந்தது. இப்போது சப் அங்கேதான், ஒரே கேபிளில் எல்.எஃப்.இ. சொக்கெற்றில். குசினி வாசலில் சத்தம் நன்றாகக் குறைந்துவிட்டது, அம்மா தானாகவே வந்து சொன்னார்.

ஆனால் ஒன்று: ஆண் குரலின் அடிப்பகுதியும் மிருதங்கமும் மெலிந்து கேட்பது போல் இருக்கிறது. ரிசீவரில் முன் பெட்டிகள் ‘பெரியது’ என்று இருக்கின்றன. 0/180 சுவிச் 0இல்.

இணுவில்_செவி

நல்லது. இனி இடம் முடிந்தது, சேர்க்கை மிச்சம்.

முன் பெட்டிகளைச் ‘சிறியது’ என்று மாற்றுங்கள். அந்தச் சொல்லுக்கும் பெட்டியின் பருமனுக்கும் தொடர்பில்லை. ‘அடிப் பேஸை இந்தப் பெட்டிக்கு அனுப்பாதே, சப்புக்கு அனுப்பு’ என்பதே அதன் பொருள். பிரிக்கும் இடத்தை (மெனுவில் ‘க்ரொஸ்ஓவர்’) 80 ஹேர்ட்ஸில் வையுங்கள். சினிமா ஒலித் தரத்துக்கான ரி.எச்.எக்ஸ். நியமமும் இதே எண்ணைத்தான் சொல்கிறது. 80க்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடுவது கடினம், சப் இருப்பதே தெரியாது. பின் பெட்டிகள் கை அளவு சின்னவை என்றால் அவற்றுக்கு 100 அல்லது 120. படத்தின் எல்.எஃப்.இ. தடத்துக்கென்று தனி வடிகட்டி மெனுவில் இருந்தால் அதை 120இலேயே விடுங்கள், அந்தத் தடம் 120 வரை பதிவாகிறது.

சில ரிசீவர்களில் சப்புக்கும் முன் பெட்டிகளுக்கும் ஒரே பேஸை இரண்டு முறை அனுப்பும் தெரிவும் இருக்கும். கேட்கக் கவர்ச்சியாக இருக்கும், ஆனால் மூன்று இடத்திலிருந்து ஒரே அலை வந்து ஒன்றையொன்று வெட்டும். உங்கள் அளவு அறைக்கு அது வேண்டாம்.

உங்கள் மிருதங்கம் மெலிந்ததற்குக் காரணம் அந்த 0/180 சுவிச்சாக இருக்கலாம். 80 ஹேர்ட்ஸில் சப்பும் முன் பெட்டிகளும் சேர்ந்து பாடுகின்றன. ஒன்று தள்ளும் நேரத்தில் மற்றது இழுத்தால் அந்த இடத்தில் பள்ளம் விழும். 80 ஹேர்ட்ஸ் ஒற்றைத் தொனியை யூரியூப்பில் எடுத்து ஓட விட்டு நீங்கள் இருக்கையில் இருங்கள். ஒருவரைக் கொண்டு சுவிச்சை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். எந்த நிலையில் சத்தம் கூடுகிறதோ அதுவே சரி. சுவிச்சுக்குப் பதிலாக 0 முதல் 180 வரை திருப்பும் குமிழ் உள்ள சப்களிலும் இதே சோதனைதான், மெதுவாகத் திருப்பி உச்சத்தில் நிறுத்த வேண்டும்.

அதன் பிறகு ரிசீவரோடு வந்த அளவெடுக்கும் மைக்கை வைத்து, பெட்டிகளின் தூரத்தையும் மட்டத்தையும் ரிசீவரையே அளவெடுக்க விடுங்கள். மைக் உங்கள் காது உயரத்தில் ஒரு காலில் நிற்க வேண்டும், செற்றியின் மெத்தையில் வைத்தால் அளவு பிழைக்கும். அது சப்பின் தூரத்தை உண்மையைவிடக் கூட்டிக் காட்டினால் திருத்தப் போக வேண்டாம். சப்புக்குள் இருக்கும் மின்சுற்று ஒலியைச் சற்றுத் தாமதிக்கிறது, ரிசீவர் அந்தத் தாமதத்தைத் தூரமாக எழுதுகிறது. சப்பின் மட்டம் மெனுவின் கடைசி எல்லையில் வந்து முட்டியிருந்தால் மட்டும் பின்பக்கக் குமிழை மாற்றிவிட்டு மறுபடி அளவெடுங்கள்.

வேப்பமரத்தடி

நான் படம் பார்ப்பது குறைவு, கச்சேரிதான். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், அதாவது அடிச் சுரம் தரும் பக்கம், எங்கிருந்து வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். வாசிப்பவர் மேடையின் வலப்பக்கம் இருக்க, தொப்பி மட்டும் அறை மூலையிலிருந்து வந்தால் பிரிக்கும் இடம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். நான் அதை வைத்தே சரிசெய்தேன். தனி ஆவர்த்தனத்தின்போது சப் இருப்பதே தெரியாமல், நிறுத்தினால் மட்டும் ‘ஏதோ போய்விட்டது’ என்று தோன்ற வேண்டும்.

இன்னொரு கேள்வி. எங்களுடையது முற்றம் வைத்த பழைய நாற்சார் வீடு. நான் பாட்டுக் கேட்கும் பக்கம் ஒரு பக்கச் சுவரே இல்லை, முற்றத்துக்குத் திறந்திருக்கிறது. எந்த மூலையில் வைத்தாலும் பேஸ் நிற்கிறதில்லை.

இணுவில்_செவி

அக்கா, உங்கள் சப் முற்றத்தையும் சேர்த்து நிரப்பப் பார்க்கிறது. மேலே திறந்த முற்றம் என்றால் போன பேஸ் திரும்பி வராது. சுவர் தரும் பலம் உங்களுக்கு இல்லை, ஆனால் அறை அதிர்வுகளின் தொல்லையும் குறைவு. இரண்டில் இது பெரிய வரம்.

சப்பை உங்கள் கதிரைக்குப் பக்கத்தில், அல்லது பின்னால், இரண்டடி தூரத்தில் வையுங்கள். கிட்ட வைக்கும்போது நேரடி ஒலிதான் காதுக்கு முதன்மையாக வரும், முற்றத்துக்குப் போவது போகட்டும். சத்தக் குமிழை நன்றாகக் குறைத்தாலே போதும், பெட்டியும் திணறாது. பிரிக்கும் இடத்தை 60 அல்லது 70க்கு இறக்குங்கள், அவ்வளவு கிட்ட இருந்தால் மேல் சுரங்கள் திசையைக் காட்டிக் கொடுத்துவிடும். முன் பெட்டிகள் அந்த அளவுக்கு இறங்கக் கூடியவையாக இருக்க வேண்டும்.

சவுண்ட்_சேர்விஸ்_நல்லூர்

நான் கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் செற் கட்டுபவன். இந்த இழையில் சொல்வதெல்லாம் வெளியிலும் வேறு வடிவில் இருக்கிறது. வீதியில் சுவர் இல்லை, ஆகவே அறை அதிர்வு இல்லை. ஆனால் மேடையின் இரண்டு பக்கமும் பேஸ் பெட்டி அடுக்கினால் நடுவில் நிற்பவருக்கு இடி, நாலைந்து அடி தள்ளி நிற்பவருக்கு ஒன்றுமில்லை, இன்னும் தள்ளினால் திரும்ப வரும். இரண்டு பக்கத்து அலையும் சில இடத்தில் சேரும், சில இடத்தில் வெட்டும். பேஸ் பெட்டிகளை எல்லாம் மேடைக்கு முன் நடுவில் ஒன்றாகப் போட்டால் சனம் நிற்கும் இடம் முழுவதும் சீராக வரும்.

வீட்டுக்காரருக்கு ஒரு வேண்டுகோள். கோயில் செற்றில் கேட்கிற பேஸை ஹோலில் எதிர்பார்க்க வேண்டாம். அங்கே நாங்கள் 50 ஹேர்ட்ஸுக்குக் கீழே அனேகமாக வெட்டிவிடுகிறோம், பலம் எல்லாம் 50க்கும் 100க்கும் இடையில். உங்கள் சின்னச் சப் அதைவிடக் கீழே இறங்கும்.

வல்வை_அலை

அப்படியென்றால் வீட்டில் இரண்டு சப் வைத்தாலும் இந்த வெட்டு வருமா? நான் இரண்டாவது வாங்க யோசித்திருந்தேன்.

இணுவில்_செவி

வீட்டுக்குள் கதை வேறு. அலை நீளம், அறை சின்னது, இங்கே பெரிய எதிரி சுவர்களின் அதிர்வுதான். இரண்டாவது சப் அந்த அதிர்வை அடக்க உதவும்.

ஒலிக்கருவி செய்யும் ஹார்மன் நிறுவனத்தின் டொட் வெல்ற்றி 2002இல் இதை ஆராய்ந்து ஒலிப் பொறியியல் சங்கத்தில் கட்டுரையாகக் கொடுத்தார். செவ்வக அறையில் எத்தனை சப், எங்கே வைத்தால் எல்லா இருக்கைக்கும் ஒரே மாதிரி பேஸ் வரும் என்பதே கேள்வி. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக இரண்டு வைப்பது மிக நல்ல பலன் தந்தது. நாலு சுவரின் நடுவிலும் நாலு வைப்பது இன்னும் நல்லது. அதற்கு மேல் எண்ணிக்கையைக் கூட்டுவதால் பெரிய லாபம் இல்லை. காரணத்தை உங்கள் ஹோலிலேயே பார்க்கலாம்: பாதி அலை நிற்கும்போது ஒரு சுவரில் அழுத்தம் ஏறுகையில் எதிர்ச் சுவரில் இறங்கும். இரண்டு சப்பும் ஒன்றாகத் தள்ளினால் ஒன்று கிளப்புவதை மற்றது அடக்கிவிடும்.

வாங்கினால் ஒரே மாதிரியை இரண்டாக வாங்குங்கள். ஒன்று குழாய்த் துளை உள்ளது, மற்றது மூடிய பெட்டி என்று கலந்தால் அடியில் இரண்டும் ஒரே நேரத்தில் தள்ளாது. ரிசீவரில் ஒரு சப் அவுட் மட்டும் இருந்தால் கேபிளைப் பிரித்து இரண்டுக்கும் கொடுக்கலாம், அந்த இடத்தில் பிரிப்புக் கேபிள் தேவைதான்.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். முதலாவது சப்பின் இடத்தைக் காதால் தேடாமல் இரண்டாவதை வாங்க வேண்டாம்.

பருத்தித்துறை_முனை

என்னிடம் ரிசீவர் இல்லை. சின்ன டிஜிற்றல் ஸ்டீரியோ அம்ப், ரி.பி.ஏ. 3116 சிப் உள்ளது. சப் அவுட் கிடையாது. சப்பில் ஸ்பீக்கர் வயர் பூட்டும் இடம் இருக்கிறது. அம்பின் ஸ்பீக்கர் முனையிலிருந்து அப்படியே வயர் இழுக்கலாமா?

மானிப்பாய்_வயரிங்

பொறுங்கள், இழுப்பதற்கு முன் இதை வாசியுங்கள்.

சாதாரண அம்பில் அது நல்ல வழி. ஸ்பீக்கருக்குப் போகும் முனையிலிருந்தே இன்னொரு சோடி வயர் சப்புக்குப் போகும். சப்பின் அந்த உள்ளீடு மிக அதிக மின்தடை கொண்டது, அம்பிலிருந்து பலம் எடுக்காது, ஸ்பீக்கருக்கும் குறையாது. மெல்லிய வயரே போதும். சப்பின் பிரிக்கும் குமிழ் அங்கேதான் வேலை செய்கிறது. உங்கள் பெட்டிகள் எவ்வளவு கீழே இறங்குகின்றனவோ அந்த இடத்தில், பெரும்பாலும் 50, 60 அளவில் தொடங்கிக் காதால் சரிசெய்ய வேண்டும்.

ஆனால் உங்கள் சிப் பிரிட்ஜ் முறையில் ஓடுகிறது. அதாவது கறுப்பு முனையும் எர்த் இல்லை, அதிலும் ஒலி வருகிறது. பல சப்களில் இடது கறுப்பும் வலது கறுப்பும் உள்ளே ஒன்றாக இணைந்து தரைக்குப் போகும். இரண்டு கறுப்பையும் பூட்டினால் அம்பின் வெளியீட்டைக் குறுக்கே இணைத்தது போலாகிவிடும், சிப் எரியலாம். ஆகவே இடது சிவப்பு, வலது சிவப்பு இரண்டை மட்டும் ஸ்பீக்கர் முனையிலிருந்து எடுங்கள். சப்பின் கறுப்பை அம்பின் ஆர்.சி.ஏ. சொக்கெற்றின் வெளி வளையத்தில் தொடுத்துவிடுங்கள். சப்போடு வந்த புத்தகத்தில் பிரிட்ஜ் அம்புக்கு வேறு முறை போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இப்படி இணைத்தால் மட்டம் பாதியாகத்தான் வரும், சத்தக் குமிழை அதற்கேற்பக் கூட்டுங்கள்.

இதைவிடப் பயமில்லாத வழியும் உண்டு. அம்புக்கு முன்னால், ஒலி வரும் கருவியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியுமென்றால், அங்கேயே ஆர்.சி.ஏ. கேபிளைப் பிரித்து ஒன்றை அம்புக்கும் ஒன்றைச் சப்புக்கும் கொடுங்கள்.

தீவகக்_காற்று

அன்ரனா வயரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றுவிட்டது, நன்றி அண்ணை. தனிப்படுத்தி ஒன்று தேடுகிறேன்.

இப்போது சத்தம் கூட்டினால் எங்கோ ‘டிர்ர்ர்’ என்று அடிக்கிறது. சப் கூம்பு கிழிந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

சவுண்ட்_சேர்விஸ்_நல்லூர்

முதலில் அறையைப் பாருங்கள். 30 இலிருந்து 100 ஹேர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் தொனியை ஓட விட்டுக் கொண்டு சுற்றி நடங்கள். ஷோகேஸ் கண்ணாடி, இரும்பு அலுமாரிக் கதவு, யன்னல் கம்பி, சுவரில் தொங்கும் படம், ஓட்டுக்குக் கீழே தகரம் இருந்தால் அது. ஒவ்வொன்றுக்கும் அடிக்கும் சுரம் தனி. கையால் அழுத்திப் பிடித்தால் நிற்கிறதா என்று பார்த்து, நுரைத் துண்டு ஒட்டுங்கள்.

அறையில் இல்லையென்றால் கூம்பின் ஓரத்தைப் பாருங்கள். தீவுப்பக்க உப்புக் காற்றிலும் ஈரத்திலும் நுரை விளிம்பு சில வருடத்தில் தொட்டால் பொடியாகும். கூம்பு நல்லது என்றால் விளிம்பை மட்டும் ரப்பரில் மாற்றலாம், முழுச் ஸ்பீக்கரையும் எறிய வேண்டாம். குழாய்த் துளைக்குள்ளும் டோர்ச் அடித்துப் பாருங்கள். பல்லி முட்டை, குளவிக் கூடு எல்லாம் எடுத்திருக்கிறேன்.

ஸ்காபரோ_மாமா

கனடாவிலிருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துத் தையிட்டியில் இருக்கிற மருமகனுக்கு நான் பாவித்த 12 அங்குலச் சப்பைக் கொள்கலனில் அனுப்ப எண்ணியிருக்கிறேன். எங்களுடையது மரத் தளம், நான் சப்புக்குக் கீழே தடித்த நுரை வைத்திருக்கிறேன். அதையும் சேர்த்து அனுப்பவோ?

மானிப்பாய்_வயரிங்

ஐயா, நுரை இருக்கட்டும், முதலில் சப்பின் பின்பக்க லேபலைப் படித்துவிட்டு அனுப்புங்கள். அங்கே 120 வோல்ற் 60 ஹேர்ட்ஸ், இங்கே 230 வோல்ற் 50 ஹேர்ட்ஸ். லேபலில் 120 மட்டும் போட்டிருந்தால் இங்கே நேரே பூட்டிய அன்றே போய்விடும். 100–240 என்றிருந்தால் பிளக் மட்டும் மாற்றினால் போதும். சிலவற்றில் 115/230 என்று ஒரு சிறிய சுவிச் இருக்கும், அதை 230க்குத் தள்ளிவிட்டு, ஃபியூசின் அளவு 230க்கு வேறு என்று புத்தகத்தில் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

120 மட்டும் என்றால் இங்கே இறக்கும் ட்ரான்ஸ்போர்மர் ஒன்று வேண்டும், லேபலில் உள்ள வாட்ஸைவிடத் தாராளமாகக் கூடியதாக. அப்படியும் அது வோல்ற்றை மட்டும்தான் மாற்றும், 50 ஹேர்ட்ஸ் 50ஆகவே இருக்கும். 60க்கு மட்டும் என்று செய்த பழைய பாரமான ட்ரான்ஸ்போர்மர் உள்ள சப் 50இல் கூடச் சூடாகும், இரையும். லேபலில் 50/60 என்று இருந்தால் பயமில்லை. லண்டனில் உறவினர் யாராவது இருந்தால் அங்கிருந்து வரும் சப்புக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, வோல்ற்றும் ஒன்று, 13 அம்பியர் பிளக்கும் ஒன்று.

நுரை வேண்டாம் ஐயா. மரத் தளம் சப்போடு சேர்ந்து ஆடும், அதற்கு அது நல்லது. இங்கே நிலம் மண்ணில் இருக்கும் சீமெந்து, ஆடாது. ரப்பர் கால் போதும்.

கோண்டாவில்_பெடியன்

சுவிச்சை 180க்கு மாற்றியதும் 80 ஹேர்ட்ஸ் தொனி தெளிவாகக் கூடியது, மிருதங்கம் நிரம்பிவிட்டது. அளவெடுத்தும் முடித்தேன்.

ஒரு கடைசிக் கேள்வி. இரவில் சத்தத்தைக் குறைத்துப் பார்க்கும்போது சப் தானாக நின்றுவிடுகிறது. பெரிய சத்தம் வந்தால்தான் எழும்புகிறது, அதற்குள் காட்சி போய்விடும்.

இணுவில்_செவி

ரிசீவரிலிருந்து போகும் சமிக்ஞை சப்பை எழுப்பக் காணாது. சப்பின் சத்தக் குமிழைக் கொஞ்சம் குறைத்து, ரிசீவர் மெனுவில் சப் மட்டத்தை அதே அளவு கூட்டுங்கள். காதுக்கு வருவது மாறாது, கேபிளில் போகும் சமிக்ஞை பலமாகும். மெனுவில் 0ஐத் தாண்டி அதிகம் ஏற்ற வேண்டாம், பெரிய சத்தத்தில் ரிசீவரின் வெளியீடு நசுங்கும். நீங்கள் முதலில் வைத்திருந்த பிரிப்புக் கேபிளும் இதற்கு உதவும், ஆனால் அப்போது எல்.எஃப்.இ. சொக்கெற்றை விட்டு இடது வலதுக்குப் போக வேண்டும், குமிழ் 160இல். அதுவும் சரிவராவிட்டால் பின்பக்கத்து ‘ஓட்டோ’ சுவிச்சை ‘ஒன்’ இல் விட்டுவிட்டு, படுக்கப் போகும்போது பிளக் பொயின்ற்றில் நிறுத்துங்கள்.